ஒரே பாறைமேல் இரண்டு குளம், தண்ணீர் மட்டும் ஏன் வேறு வேறு?

கரும்பலகை | வெள்ளி இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். உயர்தர உயிரியல் பிள்ளைகளோடு இந்த வருடம் குளத்துத் தண்ணீரை நுணுக்குக்காட்டியில் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். ஸ்கிரீன் பிரின்டிங் துணி கொஞ்சம் வாங்கி, கம்பி வளையத்தில் கூம்பாகத் தைத்து, நுனியில் சின்னப் போத்தல் ஒன்றைக் கட்டினோம். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களான பிளாந்தனைப் பிடிக்க அதுதான் எங்கள் வலை.

பார்த்தது இரண்டு குளங்கள். ஒன்று உன்னிச்சைக்கு அப்பால் காட்டோரம். அதற்கு மேலே வயலும் இல்லை, குடிமனையும் இல்லை. மற்றது ஒரு பெரிய வட்டையின், அதாவது வயல்வெளியின், வடிச்சல் தண்ணீர் வந்து விழும் ஊர்க்குளம். ஊராருக்கு வீண் பயம் வரக்கூடாது என்பதால் பெயர் போடவில்லை. இரண்டிலும் ஒரே நாளில்தான் தண்ணீர் எடுத்தோம்.

காட்டுக்குளத்துத் தண்ணீர் லேசான சாயத் தேநீர் நிறம், ஆனால் தெளிவு. வலையில் வந்தவற்றில் பெரும்பாலானவை டெஸ்மிட்டுகள்: ஒற்றைக் கலம், நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு பாதியும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருக்கும். மூன்று கை நீட்டிய ஸ்டோராஸ்ட்ரம் கண்ணில் பட்டதும் பிள்ளைகள் நுணுக்குக்காட்டியை விட்டு நகரவில்லை. தயற்றங்கள் என்ற, ஓடுள்ள ஒற்றைக்கலப் பாசிகளும் தாராளம். ஊர்க்குளத்தில் டெஸ்மிட் ஒன்றும் தேறவில்லை. ஒழுங்கில்லாத பச்சைத் திட்டுகளாக மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி, அவற்றுக்கிடையே பிராக்கியோனஸ் என்ற ரொட்டிபர் (ஒரு நுண்விலங்கு) கூட்டம் கூட்டமாக.

இரண்டு குளத்துக்கும் அடியில் ஒரே பாறை, மேலே ஒரே மழை, ஒரே வெயில். பிறகு எப்படி இவ்வளவு வித்தியாசம்? பாறை, மண், வயல் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கருங்கல் | வெள்ளி இரவு 10.25

சேர், பாறையிலிருந்தே வருவோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பெரும்பகுதி விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய பாறைமேல் இருக்கிறது. கேம்பிரியன் காலத்துக்கு முந்திய நைஸ் பாறைகள். மேற்கே போனால் மலைநாட்டின் உயர்நிலத் தொகுதி. இரண்டும் சந்திக்கும் எல்லைப் பக்கம்தான் மகாஓயா வெந்நீரூற்று இருக்கிறது.

கல்குவாரியில் புதிதாக உடைத்த துண்டொன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ட்ஸ்பார். கண்ணாடித் துண்டாகத் தெரிவது குவாட்ஸ். கறுப்பாக மினுங்குவது பயோற்றைற்று. குவாட்ஸ் கரைவதே அரிது, அது மணலாகிக் கடற்கரைக்குப் போய்விடும். மழைநீரோடு சேர்ந்த காபனீரொட்சைட்டு பெல்ட்ஸ்பாரைத்தான் மெல்ல மெல்ல அரித்துக் களியாக்குகிறது. அப்போது கரைந்து வருவது சிலிக்கா, சோடியம், பொற்றாசியம், கொஞ்சம் கல்சியம். சுண்ணாம்புக்கல் கரையும் வேகத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆகவே இந்தப் பாறைமேல் ஓடிவரும் மழைநீர் மென்னீர்: கல்சியம் குறைவு, சிலிக்கா போதிய அளவு.

தயற்றத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது, அதற்கு வேண்டியது கிடைக்கிறது. டெஸ்மிட்டுகளில் பெரும்பாலான இனங்கள் கல்சியம் குறைந்த, கொஞ்சம் அமிலத்தன்மையான, சத்துக் குறைந்த தண்ணீரைத்தான் விரும்புகின்றன. நீங்கள் காட்டுக்குளத்தில் பார்த்தது இந்தப் பாறை தானாகக் கொடுக்கும் கூட்டம். ஊர்க்குளத்துக்கு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். அங்கே அடியில் மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி வன்னீராகிவிடும். அங்கே ஒரு கேணித் தண்ணீரில் இதே டெஸ்மிட் கூட்டத்தை நான் எதிர்பார்க்க மாட்டேன்.


வட்டைக்காற்று | சனி காலை 6.40

சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவன். கருங்கல் தம்பி சொல்வதில் ஓரிடம் எனக்கு இடிக்கிறது. மென்னீர் என்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் கொஞ்ச நாளில் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். இங்கே நிறையக் கிணறுகள் அப்படித்தான். அதுவும் இதே பாறைதானே?


கருங்கல் | சனி காலை 9.05

நல்ல கேள்வி காக்கா. பாறை ஒன்றுதான், தண்ணீர் அதோடு இருந்த காலம் வேறு.

கிணற்றுக்கு வரும் தண்ணீர் பாறையின் வெடிப்புகளிலும் உக்கிய மண்ணிலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கி வருகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டும் சேர்வதால் கரைப்பது இன்னும் கூடும். வரண்ட வலயத்து வெயிலில் ஆவியாகி, மிஞ்சுவது செறிவாகும். குளத்துக்கு வருவது மார்கழி, தை மழையில் நிலத்தின் மேலால் ஓடி வந்த தண்ணீர். பாறையைத் தொட்டது கொஞ்ச நேரம்தான்.

இதைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. குளத்தில் குளித்தால் சவர்க்காரம் எப்படி நுரைக்கும், கிணற்றடியில் எப்படி நுரைக்கும் என்று வீட்டில் கேளுங்கள்.


வட்டைக்காற்று | சனி காலை 9.30

ஓம், அது உண்மை. குளத்தில் நுரை போதும் போதும் என்று வரும். கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் கை ஓயும்.


படுவான்பிள்ளை | சனி மாலை 5.15

ஊர் படுவான்கரை, இருப்பது கனடா ஒன்டாரியோவில். ஏரித் தண்ணீர் பரிசோதனைதான் வேலை. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இங்கேயும் அடியில் அதே மாதிரியான பழம்பாறைதான்: கனடியன் ஷீல்ட். கிரனைட்டும் நைஸும். பனிப்பாறைகள் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்களில் எண்ணில்லாத ஏரிகள். தண்ணீர் மென்னீர், கல்சியம் நம்முடையதைவிடவும் குறைவு.

ஒரு குளத்தில் எந்தப் பாசி வளரும் என்பதை மேலே உள்ள நிலம் எப்படித் தீர்மானிக்கிறது என்று உலகத்துக்குக் காட்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. ஒன்டாரியோவின் வடமேற்கில் 1968ல் பல சிறு ஏரிகளை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கினார்கள். 1973ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரும் குழுவும் 226ஆம் இலக்க ஏரியை நடுவில் வினைல் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு காபனும் நைதரசனும். மறு பக்கத்துக்கு அவற்றோடு பொசுபரசும். பொசுபரசு போட்ட பக்கம் முழுவதும் சயனோபற்றீரியா, அதாவது நீலப்பச்சைப் பாசி, பொங்கிப் பச்சையாகிவிட்டது. மற்றப் பக்கம் பழையபடியே கிடந்தது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், ஒரே ஏரியில் இரண்டு நிறம்.

பாறை இரண்டு பக்கமும் ஒன்றுதான். உங்கள் இரண்டு குளக் கதையும் அதே கதைதான் சேர்.


வட்டைக்காற்று | சனி இரவு 8.50

தங்கச்சி எழுதியதை மதிக்கிறேன். ஆனால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கே தண்ணீர் கெட்டாலும் கடைசியில் விரல் விவசாயி பக்கம் நீள்கிறது. 2021ல் இரசாயன உரம் வருவதை அரசாங்கம் நிறுத்தியது. யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளாகி நின்றதைப் பார்த்து எத்தனை பேர் அழுதார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வருடம் எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றும் தெளியவில்லை. அதே பச்சைதான். உரம்தான் காரணம் என்றால் உரம் நின்றதும் பச்சையும் நின்றிருக்க வேண்டாமா?


படுவான்பிள்ளை | ஞாயிறு அதிகாலை 2.20

நின்றிருக்காது காக்கா. நீங்கள் பார்த்தது சரி, அதற்குக் காரணமும் இருக்கிறது.

யூரியா நீரில் கரைந்து ஓடும். பொசுபரசு அப்படியல்ல. டி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரத்தைப் போட்டால் அதில் பெரும்பகுதி களியோடும் இரும்போடும் ஒட்டிக்கொள்ளும். உழவு நேரத்தில் வயல் தண்ணீர் சேறாகக் கலங்கி வடிச்சலில் போகிறதே, அந்தக் களியோடுதான் அதுவும் குளத்துக்குப் போகிறது. போய் அடியில் படிகிறது. பல வருடங்களாகப் படிந்தது அங்கேயே இருக்கிறது.

வெயில் காலத்தில் குளத்தின் அடிமட்டத்தில் ஒட்சிசன் தீர்ந்துபோனால், பொசுபரசைப் பிடித்து வைத்திருக்கும் இரும்பு அதைக் கைவிட்டுவிடும். சேற்றிலிருந்து பொசுபரசு மேலே வரும். மேலிருந்து ஒரு மூட்டை உரமும் வராவிட்டாலும் குளம் தன் அடியிலிருந்தே தனக்கு உரம் போட்டுக்கொள்ளும். உலகத்தில் பல ஏரிகளில் கழிவு வருவதை நிறுத்தி வருடக்கணக்கான பிறகும் பாசி குறையாததற்கு இதுவே காரணம். ஒரு போகத்து உரத்தை நிறுத்தி ஒரு குளத்தைத் தெளிய வைக்க முடியாது. அதற்காக விவசாயியை ஒரு வருடம் பட்டினி போட்டதில் நியாயமும் இல்லை.

நைதரசனை மட்டும் நிறுத்திப் பார்த்த ஏரியும் உண்டு. 227ஆம் இலக்க ஏரிக்கு 1990இலிருந்து நைதரசன் போடவில்லை, பொசுபரசு மட்டும். பாசி நிற்கவில்லை. காற்றில் உள்ள நைதரசனைப் பிடிக்கத் தெரிந்த சயனோபற்றீரியா இனங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. நைதரசன் குறைந்தால் ஆள் மாறும், கூட்டம் கலையாது.


எழுவான்கரை | ஞாயிறு காலை 7.35

நான் மட்டக்களப்பு வாவியில் மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பம். பாறை, உரம் எல்லாம் சரி, பருவத்தை யாரும் கதைக்கவில்லையே?

குளம் நிரம்பி வான் பாயும் காலத்தில் தண்ணீர் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். பாசி பெருக நேரம் கிடைக்காது, பெருகினாலும் வானோடு போய்விடும். சிறுபோகத்துக்குத் துருசு திறந்து ஆனி, ஆடியில் குளம் வற்றத் தொடங்கினால் மிச்சத் தண்ணீர் சூடாகி அசையாமல் கிடக்கும். அப்போதுதான் பச்சை வரும். வாவியில் உப்பு வேறு. மாரியில் வெள்ளம் வந்து முழு வாவியும் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். முகத்துவாரம் வெட்டினால் கடல் ஏறும். 56 கிலோமீற்றர் நீளத்தில் பாலமீன்மடுப் பக்கம் ஒரு தண்ணீர், தெற்கே உள்வாங்கிய இடங்களில் இன்னொரு தண்ணீர். இறால் வருவதும் போவதும் அதைப் பொறுத்துத்தான்.


கரும்பலகை | ஞாயிறு காலை 10.00

தம்பி, பருவம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நாங்கள் இரண்டு குளத்திலும் ஒரே நாளில் எடுத்தோம். பருவம் இரண்டுக்கும் பொது. ஆகவே வித்தியாசத்துக்குப் பருவத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆழம் வேறாக இருக்கலாம், தண்ணீர் தங்கும் காலம் வேறாக இருக்கலாம். ஊர்க்குளம் ஆழம் குறைந்தது, தூர்ந்தும் போயிருக்கிறது. அதை அளந்து பார்க்க வேண்டும். வெள்ளையும் கறுப்புமாகப் பூசிய தட்டொன்றைக் கயிற்றில் இறக்கி, எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்றும் பார்க்கப்போகிறோம்.

இன்னொன்று. ஊர்க்குளத்துக்குப் பக்கத்தில் எருமைகள் படுத்துப் புரளும் மடு ஒன்று இருக்கிறது. அதன் மேல் நண்பகலில் செங்கல் நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. மாலையில் திரும்பிவரும்போது அதே இடம் பச்சை. பிள்ளைகள் யாரோ ஏதோ கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்தார்கள்.


படுவான்பிள்ளை | ஞாயிறு மாலை 4.45

அது யூக்ளினாவாக இருக்கத்தான் சாத்தியம் அதிகம் சேர், யூக்ளினா சங்குயினியா என்ற இனம். அதன் கலத்துக்குள் சிவப்பு நிறப்பொருள் ஒன்று உண்டு. கடும் வெயிலில் அது கலத்தின் மேற்பக்கமாகப் பரவிப் பச்சையத்தை மறைத்துக் காக்கும். வெயில் தணிந்ததும் நடுவில் ஒடுங்கும், பச்சை தெரியும். துளியொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியின் விளக்கைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், பிள்ளைகளின் கண் முன்னாலேயே நடக்கக்கூடும்.

சாணமும் சிறுநீரும் விழுந்து சேதனப் பொருள் கூடிய சிறு மடுக்களில் யூக்ளினா வகைகள் பெருகும். மாட்டுப்பட்டி எங்கே நிற்கிறது என்பதைப் பிளாந்தன் காட்டிக்கொடுக்கும். நிலப் பயன்பாடு என்றதும் எல்லாரும் உரத்தையே நினைக்கிறோம். மாடு, குடிமனை, மண் அகழ்வு, காடு வெட்டுவது எல்லாமே அதற்குள்தான் வருகின்றன.

காடு வெட்டுவது பற்றி இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். ஷீல்ட் ஏரிகள் பலவற்றில் கல்சியம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. பல பத்தாண்டுகள் பெய்த அமில மழை மண்ணிலிருந்த கல்சியத்தைக் கழுவிவிட்டது. மரத்தை வெட்டி ஏற்றியபோது மரத்தோடும் கல்சியம் போனது. பாறை மெல்ல அரித்துக் கொடுப்பது அந்த இழப்புக்கு ஈடாகவில்லை. டப்னியா என்ற, இறால், நண்டு வகையைச் சேர்ந்த சின்னஞ்சிறு கிறஸ்டேசியா தோல் உரித்து வளரும், ஒவ்வொரு முறையும் புதுத் தோலுக்குக் கல்சியம் வேண்டும். லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தடுமாறும். அதன் இடத்துக்கு வருவது ஹொலோபீடியம், தன்னைச் சுற்றிக் கூழ் உறை போர்த்திய ஓர் உயிர், கல்சியம் கொஞ்சம் போதும் அதற்கு. வலையைத் தூக்கினால் கூழ் கூழாக வரும்.

நம் குளங்களில் கல்சியம் அந்த அளவுக்குக் குறைவில்லை. பெரிய டப்னியாவும் நம்மிடம் அரிது: தண்ணீர் சூடு, அதோடு பெரிதாய்த் தெரியும் எதையும் மீன் விட்டுவைக்காது. நம்மிடம் கூடுதலாக இருப்பவை மொய்னா, டயபனோசோமா, கொப்பிபொட்டுகள், ரொட்டிபர்கள் போன்ற நுண்விலங்குகள். ஆகவே இதை அப்படியே நமக்குப் பொருத்த வேண்டாம். நிலத்தை நாம் பயன்படுத்தும் விதம் தண்ணீரில் ஒன்றைச் சேர்க்க மட்டுமல்ல, ஒன்றை இல்லாமலாக்கவும் செய்யும் என்பதற்காகத்தான் சொன்னேன்.


கருங்கல் | திங்கள் இரவு 9.20

அக்கா சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். குளத்து அடியில் உள்ள பாறையை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

பட்டிப்பளை ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கிறது. இங்கினியாகலையில் கல்லோயாத் திட்டத்துக்காக அதை மறித்ததில் உருவானது சேனநாயக்க சமுத்திரம். அதன் கரையில் நின்று பார்த்தால் சுற்றிலும் காடு. 1954இலிருந்து தேசியப் பூங்கா. கீழே இறங்கினால் வாய்க்காலுக்கு வாய்க்கால் நெல், ஹிங்குராணைப் பக்கம் கரும்பு. ஒரே ஆற்றுத் தண்ணீர் மேலே காட்டுக்குள்ளிருந்து புறப்பட்டு, கீழே வயலில் இறங்கி, வடிச்சலாகி, இன்னொரு குளத்தில் ஏறி, மறுபடி வயலில் இறங்கி, கடைசியில் வாவிக்கும் கடலுக்கும் போகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் ஏதோ ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகிறது.

மகாவலி இன்னும் சுவாரசியம். உயர்நிலத் தொகுதியில் பளிங்குச் சுண்ணாம்புக்கல் பட்டைகள் உண்டு. அந்த மலைகளில் ஓடிவந்த மகாவலித் தண்ணீர் உல்ஹிட்டியாவிலிருந்து சுரங்கம் வழியே மாதுறு ஓயா நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. மாதுறு ஓயா முடிவது வாழைச்சேனைப் பக்கம். ஒரு பாறையின் தண்ணீரை எடுத்து இன்னொரு பாறைமேல் ஊற்றுகிறோம். இந்தச் சுரங்கத்துக்கு முந்திய காலத்து அந்தப் பக்கத்து வாவித் தண்ணீரும் இப்போதுள்ளதும் ஒன்றாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அணை சிலிக்காவையும் பிடித்து வைக்கும். நீர்த்தேக்கத்தில் தயற்றம் பெருகி, செத்து, ஓட்டோடு அடியில் படியும். டானியூப் ஆற்றில் அயன் கேட் அணை 1972ல் முடிந்தது. அதற்குப் பிறகு கருங்கடலுக்குப் போகும் சிலிக்கா குறைந்து, அங்கே தயற்றங்களின் இடத்துக்குச் சிலிக்கா தேவைப்படாத பாசிகள் வந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் வாவிக்கு மேலே எத்தனை குளம், எத்தனை அணை என்று எண்ணிப் பாருங்கள்.


எழுவான்கரை | செவ்வாய் காலை 6.10

இது எனக்குப் புதிது. தயற்றம் குறைந்தால் எங்களுக்கு என்ன?


படுவான்பிள்ளை | செவ்வாய் மாலை 3.30

தம்பி, தயற்றம் கொழுப்பு நிறைந்த நல்ல சாப்பாடு. கொப்பிபொட் அதைத் தின்னும், மீன் குஞ்சும் இறால் குஞ்சும் கொப்பிபொட்டைத் தின்னும். சயனோபற்றீரியா அப்படியல்ல. மைக்ரோசிஸ்டிஸ் திரட்சியாக இருந்தால் கொப்பிபொட்டின் வாய்க்குள் போகாது. போனாலும் சத்துக் குறைவு, சிலவேளை நஞ்சு. தண்ணீர் பார்க்கப் பச்சையாக, உயிர் நிறைந்ததாகத் தெரியும். மீனுக்கு அதில் கிடைப்பது கொஞ்சம். திலாப்பியா மட்டும் சயனோபற்றீரியாவையும் தின்று ஓரளவு சமாளிக்கும்.


வட்டைக்காற்று | செவ்வாய் இரவு 9.15

நஞ்சு என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகள் குளத்தில்தான் குளிக்கிறார்கள். மாடும் அதைத்தான் குடிக்கிறது. வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?


படுவான்பிள்ளை | புதன் அதிகாலை 1.40

இருக்கிறது காக்கா. கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்குக் குளத்துத் தண்ணீரை எடுத்து மூடி, ஆடாத இடத்தில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் அது பெரும்பாலும் வேறு பாசி அல்லது சேறு. மேலே மிதந்து கழுத்துப் பக்கம் வளையமாகத் திரண்டிருந்தால் சயனோபற்றீரியா என்று சந்தேகப்படலாம். அதன் கலங்களுக்குள் வாயு நிரம்பிய சின்ன அறைகள் உண்டு, அதனால் மிதக்கிறது. கரையில் பெயின்ற் ஊற்றியதாகத் தெரிந்தால் அதே சந்தேகம். தடியால் கிளறும்போது முடிமுடியாகத் தொங்கினால் அது இழைப்பாசி, பயமில்லை.

மிதப்பதெல்லாம் நஞ்சும் அல்ல. இருக்கா இல்லையா என்று ஆய்வுகூடம்தான் சொல்லும். ஆனால் திரண்டு கிடக்கும் பக்கம் பிள்ளைகளை இறங்கவிட வேண்டாம், மாட்டையும் காற்று அடித்துப் பாசி ஒதுங்கும் கரையில் குடிக்கவிட வேண்டாம், எதிர்க்கரைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு விடயத்தை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பாசியைக் கொல்லச் செப்புச் சல்பேற்றுப் போட்டால் கலம் உடைந்து உள்ளே இருந்த நஞ்சு முழுவதும் ஒரேயடியாகத் தண்ணீரில் கலந்துவிடும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின் எல்.ஆர். லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் நெடுங்காலம் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. கொழும்பு பேரே வாவி மைக்ரோசிஸ்டிஸால் பச்சையாகக் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். கண்டி ஏரியிலும் 1999ல் பெரிதாக வந்தது. அங்கே காரணம் வயல் அல்ல, நகரத்துக் கழிவு.


வட்டைக்காற்று | புதன் காலை 7.00

நன்றி தங்கச்சி. பயத்தை மட்டும் சொல்லாமல் செய்ய வேண்டியதையும் சொன்னீர்கள். இனி வயலில் நாங்கள் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். உரம் போடாதே என்ற பேச்சு வேண்டாம்.


கருங்கல் | புதன் மதியம் 1.15

காக்கா, களி போகாமல் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மட்டமடித்த கையோடு கலங்கல் தண்ணீரை வடிச்சலில் விடாமல், சேறு படியும்வரை வரம்பைக் கட்டி வைத்தால் பொசுபரசு உங்கள் வயலிலேயே நிற்கும். அது உங்கள் காசு. யூரியா போட்ட பிறகும் அப்படித்தான், ஒரு கிழமையாவது தண்ணீர் வெளியே போகக்கூடாது.

குளத்துக்கு மேலே புல்லும் மரமும் உள்ள ஓரத்தை உழுது வயலாக்கக் கூடாது. பழைய வரண்ட வலயக் குளங்களில் மேற்புறத்தில் புல்வெளியும் மரக்கூட்டமும் விட்டிருப்பார்கள். சிங்களத்தில் பெரஹன, கஸ்கொம்மான என்பார்கள். வரும் தண்ணீர் அந்தப் புல்லுக்குள் வேகம் குறைந்து சேற்றை விட்டுவிட்டுத்தான் குளத்துக்குள் இறங்கும். இப்போது நிறைய இடங்களில் அந்த ஓரம் வரை வயல் வந்துவிட்டது. குளத்தைத் தூர்வாரக் காசு கேட்கிறோம், தூர்க்கும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு.


கரும்பலகை | புதன் இரவு 10.30

காக்கா, ஒரு வேண்டுகோள். பெரும்போகத்தில் உங்கள் கண்டத்து வடிச்சலில் பிள்ளைகள் தண்ணீர் எடுக்கலாமா? உங்கள் பெயரோ வட்டைப் பெயரோ எங்கேயும் வராது. அலங்கார மீன் கடைகளில் விற்கும் சோதனைப் பெட்டியில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் ஓரளவு பார்க்கலாம்.


வட்டைக்காற்று | வியாழன் காலை 6.20

தாராளமாக வாங்க சேர். என் கண்டத்தில் கட்டி வைக்கிறேன். பக்கத்துக் கண்டக்காரர் வழக்கம்போல விடுவார். அவரிடமும் கேட்டுவிட்டேன், சம்மதம். இரண்டையும் எடுத்துப் பாருங்கள்.


கரும்பலகை | மார்கழி, ஞாயிறு மாலை 6.00

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். பார்த்ததை எழுதுகிறேன், முடிவு அல்ல.

சவர்க்காரச் சோதனையில் இரண்டு குளமும் மென்னீர்தான். ஊர்க்குளத்துக்குக் காட்டுக்குளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சவர்க்காரம் பிடித்தது, கிணற்றுத் தண்ணீருக்குக் கிட்டவும் வரவில்லை. கருங்கல் சொன்ன பாறைக் கதை நிற்கிறது.

தட்டு காட்டுக்குளத்தில் நெஞ்சளவு ஆழம் வரை தெரிந்தது. ஊர்க்குளத்தில் முழங்கை அளவில் மறைந்தது. ஆழத்தையும் அளந்தோம், ஊர்க்குளம் ஆழம் குறைவுதான். ஆகவே எழுவான்கரை தம்பி சொன்னதையும் ஒதுக்க முடியாது.

முதல் மழை வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு குளத்திலும் பிளாந்தன் அநேகமாக இல்லை. ஒரே மண்கலங்கல், உடைந்த தயற்ற ஓடுகள். கலங்கல் அடங்கியதும் காட்டுக்குளத்தில் தயற்றம் முதலில் வந்தது, மெல்ல டெஸ்மிட்டுகள். ஊர்க்குளத்திலும் தயற்றம்தான் முதலில் வந்தது! மெலோசிரா வகை இழைகள் நிறைய. மைக்ரோசிஸ்டிஸ் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் குளத்துக்கும் பழைய கூட்டத்தை வரவேற்கும் தன்மை போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வடிச்சலில்: காக்காவின் கண்டத்து வாயில் எடுத்த போத்தலில் சேறு ஒரு விரற்கடை படிந்தது. பக்கத்துக் கண்டத்துப் போத்தலில் அரைப்போத்தலுக்குக் கிட்ட. பொசுபேற்றுச் சோதனையில் நீலம் இரண்டாவதில் கடும் நிறம், முதலாவதில் வெளிறல்.


வட்டைக்காற்று | மார்கழி, ஞாயிறு இரவு 9.40

அந்தப் போத்தல்கள் இரண்டையும் வட்டை விதானையிடம் காட்டினேன் சேர். பக்கத்துக் கண்டக்காரரும் பார்த்தார். அடுத்த விவசாயக் கூட்டத்துக்கு நீங்களும் பிள்ளைகளும் வந்து நுணுக்குக்காட்டியை வைத்துக் காட்ட முடியுமா? கூட்டம் தைப் பொங்கலுக்குப் பிறகுதான், திகதி வந்ததும் போடுகிறேன்.


கரும்பலகை | மார்கழி, ஞாயிறு இரவு 10.05

கட்டாயம் வருகிறோம் காக்கா. மின்சாரம் இருக்கும் இடமாகப் பாருங்கள், நுணுக்குக்காட்டிக்கு விளக்கு வேண்டும். அன்று காலையிலேயே இரண்டு குளத்துத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வருவோம், பிளாந்தனை உயிரோடு காட்ட வேண்டும். படுவான்பிள்ளை, சிறுபோகத்துக்கும் இதே இடங்களில் தொடர்ந்து எடுக்கப்போகிறோம். கெடாமலிருக்க லுகோல் அயடீன் போட்டு வைத்த மாதிரிகளை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று சொல்லுங்கள்.


படுவான்பிள்ளை | மார்கழி, திங்கள் அதிகாலை 3.10

இருட்டான, குளிர்ந்த இடத்தில், நன்றாக மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தண்ணீர் வெளிறத் தொடங்கினால் மறுபடி சில துளி லுகோல் விட்டு இளந்தேயிலை நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். போத்தலில் இடமும் திகதியும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், பேனை மை அழிந்துபோகும்.